கருப்புக்கு மொதப் பாட்டில்

எங்கப்பா மூஞ்சிய ஒரு பாட்டில் மேல ஒட்டி எடுத்தாந்து என் சாப்பாட்டு மேசையில வச்சான் என் தம்பி. வச்சிட்டு இடுப்புல கையக் குடுத்துக்கிட்டு நின்னான், ஜில்லாவுலயே மொத மார்க் வாங்கினவன் மாதிரி.

"யாருன்னு தெரியுதாக்கா?"

தெரியாம என்ன? மதுரை கே.கே. நகர்ல என் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கிற கல்யாணப் போட்டோவுல உள்ள அதே மீசை. அதுலேர்ந்து எங்கம்மாவ வெட்டி எடுத்துட்டு அப்பாவ மட்டும் கறுப்பு மையில வரைஞ்சிருக்கான். பின்னால ஒரு கருவேல மரம், ஒரு மண்பானை, மேல தங்கக் கலர்ல இங்கிலீஷ் எழுத்து. போய்ச் சேந்தவள லேபிள்லயும் ஒழிச்சிட்டியேடான்னு கேக்க வாய் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

தம்பி கெமிஸ்ட்ரி படிச்சவன். கோவாவுல ஒரு சாராயக் கம்பெனியில வேலை பாத்துட்டு, இப்ப ரெண்டு கூட்டாளிகளோட சேந்து சின்னதா சொந்தக் கம்பெனி போட்டிருக்கான். அமெரிக்காவுல போர்பன்னு ஒரு விஸ்கியாம். மக்காச்சோளத்துல காய்ச்சி, உள்பக்கம் கருக்கின மரப் பீப்பாயில ஊத்தி வருசக்கணக்கா வைப்பாங்களாம். எங்க ஊரு பேரையூர்ப் பக்கம். திரும்புன பக்கமெல்லாம் மக்காச்சோளக் காடுதான். அந்தச் சோளத்த லாரியில கோவாவுக்கு ஏத்திட்டுப் போயி அதே மாதிரி காய்ச்சியிருக்கான். கொஞ்சூண்டு பீப்பாய்தானாம், அதனாலதான் கிராக்கியாம்.

"இதுல முக்கியமானது என்னன்னாக்கா, பேரல் ப்ரூஃப். பீப்பாயில இருந்து எறக்கின சரக்க ஒரு சொட்டுத் தண்ணி விளாவாம அப்படியே பாட்டில்ல அடைக்கிறது. கடையில விக்கிறதெல்லாம் இதுக்கு முன்னால நீர்மோரு."

"அதுக்கு அப்பா மூஞ்சி எதுக்குடா?"

"சரக்கு மட்டும் இருந்தா யாருக்கா வாங்குவா? கதை வேணும்ல."

கதை பின்பக்கம் இருந்துச்சு. மதுவிலக்கு இருந்த காலத்துல, மதுரைக்குத் தென்மேற்க, மழை தண்ணி இல்லாத காட்டுல, கண்மாய்க்கரையில பானையப் பொதைச்சு, வேலம்பட்டை ஊறல் போட்டுக் காய்ச்சி, போலீசுக்கே தண்ணி காட்டின ஒரு வீரனோட நெனப்புல செஞ்ச சரக்காம் இது. வீரன்! தூ. போலீசு கண்மாய்க்கரை பூரா இரும்புக் கம்பியக் குத்திக் குத்திப் பாத்துப் பானையக் கண்டுபிடிச்சிருச்சு. வீரன் ஓடிட்டாரு. எங்கம்மாவக் கூட்டிட்டுப் போயி ஸ்டேஷன் வாசல்ல உக்கார வச்சுட்டாங்க. இடுப்புல கைக்குழந்தையா நான். பொழுது சாயிற வரைக்கும் வெயில்ல இருந்தோமாம். வீரன் கருவேலங்காட்டுக்குள்ள மிச்சச் சரக்கக் குடிச்சுட்டுப் படுத்துத் தூங்கிட்டாரு. அம்மா சாகுற வரைக்கும் இதச் சொல்லிச் சொல்லி அழும். லேபிள்ல இதுக்கு எடம் பத்தல போலருக்கு.

சாராயக் கடைக வந்த பெறகு அப்பா காய்ச்சுறத விட்டுட்டாரு. குடியத்தான் விடல. போன வருசம் வயித்துல நீர் கோத்து, காலு ரெண்டும் வீங்கி, கண்ணு மஞ்சப் பூத்து என் வீட்டுக்கு வந்து சேந்தாரு. டாக்டர் ஊசி குத்தி நீர எறக்கினாரு. என்னையத் தனியாக் கூப்பிட்டு, "ஈரல் முக்காவாசி போச்சும்மா. இருக்கிறத வச்சு ஓட்டலாம். ஆனா இனிமே ஒரு வாய் உள்ள போச்சுன்னா ரத்தமா வாந்தி எடுப்பாரு. அப்புறம் என்கிட்டத் தூக்கிட்டு வந்தும் புண்ணியமில்ல"ன்னாரு. அத அப்பாகிட்ட ஒரு வார்த்தை கூடாம கொறையாம சொன்னேன். அவரு மறு வெள்ளிக்கெழமை ஊருக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாரு. எங்க குலசாமி கருப்பு முன்னால சூடத்தக் கொளுத்தி, எரியிற சூடத்த உள்ளங்கையால அடிச்சு அணைச்சு, குடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணுனாரு. கையில கயிறும் கட்டிக்கிட்டாரு. அன்னையிலேருந்து தொடல.

அப்பாதான் அதுவரைக்கும் எங்க கருப்புக்குச் சாமியாடி. கருப்புன்னா கிடாயும் சுருட்டும் சாராயமும் படைக்கணும். உருமிச் சத்தம் ஏற ஏற அப்பாவுக்கு அருள் வரும். அருவா மேல ஏறி நிப்பாரு. ரெண்டு பேரு தோளக் குடுத்துத் தாங்கிக்குவாங்க. பாட்டிலத் தெறந்து கீழ எறக்காமக் குடிப்பாரு. அது கருப்பு குடிக்கிறது, எங்கப்பா குடிக்கிறது இல்ல. எங்க பங்காளி பூரா அப்படித்தான் நம்புறாங்க. "சாமி எறங்குனதும் பாரு, ஒரு தள்ளாட்டம் உண்டா?"ன்னு அத்தைமாரு கன்னத்துல போட்டுக்குவாங்க. நானும் போட்டுக்கிட்டவதான். சத்தியத்துக்குப் பெறகு அப்பா ஆடல. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அவரு ஆட ஆரம்பிச்சாரு.

இப்ப தம்பி வந்து நிக்கிறான், மொதப் பாட்டில் கருப்புக்குத்தான்னு. அதுல தப்பு சொல்ல முடியாது. மாடு ஈனுனா மொதப் பாலு, காடு வெளைஞ்சா மொதக் கதிரு, எதுவானாலும் கருப்புக்குக் காட்டாம எங்க ஆளுக வெளியில குடுக்கமாட்டாங்க. சாராயக் கம்பெனி வச்சாலும் அதே சட்டம்தான். ரெண்டு பாட்டில மட்டும் வேட்டிக்குள்ள சுத்தி, பெட்டிக்கு அடியில ஒளிச்சுக் கோவாவுல இருந்து கொண்டாந்திருக்கான். மதுவிலக்குக் காலத்தையே திரும்பக் கொண்டாந்துட்டான் புண்ணியவான்.

"ஒண்ணு படையலுக்கு. இன்னொண்ண அப்பா நாக்குல ஒரு சொட்டு வச்சு, பட்டைச் சாராயம் மாதிரியே இருக்கான்னு சொன்னாருன்னா..."

"செருப்பு பிஞ்சுரும்"னேன். என் வீட்டுக்காரரு பேப்பர மடிச்சுட்டு எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு.

அப்பதான் அப்பா ரூமுக்குள்ள இருந்து வந்தாரு. எங்க சத்தத்துல முழிச்சிருப்பாரு. பாட்டிலப் பாத்தாரு. கிட்ட வந்து லேபிளத் தடவுனாரு. "நானாடா இது?"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்ப நான் பாத்து ரொம்ப நாளாச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த பெறகு பல்லு தெரிய ஒரு நாளும் சிரிக்கல. எனக்குச் சந்தோசப்படுறதா பயப்படுறதான்னு தெரியல. பாட்டில எடுத்து என் சேலைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்.

"படையலுக்கு நானும் வாரேன் தாயி"ன்னாரு.

"எதுக்குப்பா? வெயிலு."

"எம் மகன் மொதப் படையல் போடுறான். ஓரமா நின்னு பாத்துட்டு வந்துருறேன். சத்தியம் பண்ணுனவன் நான். எனக்குத் தெரியாதா?"

என்ன சொல்லித் தடுக்கிறது? தம்பியத் தனியா இழுத்துட்டுப் போயி கெஞ்சுனேன். அவரு அங்க நின்னு உருமிச் சத்தத்தக் கேட்டா அருள் வந்துரும்டா, வந்தா பாட்டில எடுப்பாருடான்னேன். அவன் என்னைய ஒரு மாதிரியா பாத்தான். "எடுத்தா என்னக்கா? குடிக்கிறது சாமி. சாமி குடிச்சா மனுசனுக்கு என்ன ஆகும்?"ன்னான். கேலிக்குச் சொல்லல. நெசமாவே நம்புறான். சரக்குல எத்தனை பங்கு ஆல்கஹால்னு மிசின் வச்சு அளக்கிறவன், அது சாமி வாய் வழியா போனா ஈரலுக்குத் தெரியாதுங்கிறான். சுவத்துல முட்டிக்கலாம்போல இருந்துச்சு.

பெரியப்பா மகனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீங்கதாண்ணே ஆடணும். எங்கப்பாவக் கிட்ட விட்டுறாதீங்க." "கவலைப்படாத தங்கச்சி, நான் இருக்கேன்ல"ன்னாரு. இருந்தாலும் மனசு ஆறல. ரெண்டு பாட்டிலையும் நானே வாங்கி வச்சுக்கிட்டேன்.

படையலுக்கு மொத நாள் மத்தியானம். தம்பி கிடா பேசப் போயிட்டான், அப்பா படுத்திருந்தாரு. அடுப்படிக் கதவ ஒருக்களிச்சு வச்சுட்டு படையல் பாட்டில் மூடியத் திருகுனேன். ஆத்தாடி, அந்த நெடி! தொட்டியில கவுத்துக் குழாயத் தெறந்து விட்டேன். பால் விடாத தேத்தண்ணிய நல்லாக் கடுங்காப்பி நெறத்துக்குக் கொதிக்க வச்சு ஆறப்போட்டிருந்தேன். அதக் கொஞ்சம் தண்ணி கலந்து, இன்னொரு பாட்டிலப் பக்கத்துல வச்சு நெறத்த ஒத்துப் பாத்து ஊத்தி மூடுனேன். சாமிய ஏமாத்துறோம்ல. கருப்பா, தண்டிக்கணும்னா என்னையத் தண்டி, எங்கப்பாவ விட்டுருன்னு வாய்விட்டே சொன்னேன்.

திரும்புனா அப்பா நிலைப்படியில நிக்கிறாரு.

"என்ன வாசனை தாயி?"

"பினாயில் ஊத்துனேன்ப்பா."

அவரு தொட்டியப் பாத்தாரு. பக்கத்துல இருந்த தேத்தண்ணிச் சட்டியப் பாத்தாரு. "காய்ச்சுனவன்கிட்டயே பினாயிலுங்கிற"ன்னாரு. கோவமா இல்ல. சாதாரணமாத்தான் சொன்னாரு. சொம்புல தண்ணி மொண்டு குடிச்சுட்டுப் போயிட்டாரு. அவருக்குத் தெரிஞ்சதும் நல்லதுக்குத்தான்னு நெனச்சேன். பாட்டில்ல இருக்கிறது தேத்தண்ணின்னு தெரிஞ்சா ஆசை வராதுல்ல? நெசமாவே அப்படித்தான் நெனச்சேன்.

இன்னொரு பாட்டில பீரோவுல வச்சுப் பூட்டினேன். காலையில கெளம்புறப்ப தம்பி வந்து, கண்மாய்க்கரையில வச்சுப் போட்டோ எடுக்கணும், கம்பெனிக்கு அனுப்பணும்னு ஒத்தக்கால்ல நின்னான். கோயில்கிட்ட வண்டியில இருந்து எறக்கமாட்டேன்னு அவன் பிள்ளைக மேல சத்தியம் வாங்கிட்டுக் குடுத்தேன். எங்க வீட்டுல சத்தியத்துக்கா பஞ்சம்?

திருமங்கலம் தாண்டி, கல்லுப்பட்டி தாண்டிப் போற வரைக்கும் அப்பா முன் சீட்டுல உக்காந்து காட்டப் பாத்துக்கிட்டே வந்தாரு. அறுப்பு முடிஞ்சு சோளத்தட்டை காஞ்சு கெடந்துச்சு. இந்தக் காடு இன்னாருது, அந்தக் கெணறு இன்னாருதுன்னு பேசிக்கிட்டே வந்தாரு. நல்ல மனசோட இருந்தாரு. நான் பின்னால உக்காந்து அந்தப் பெடரியையே பாத்துக்கிட்டு வந்தேன்.

உச்சிப் பொழுதுக்குப் படையல். கருப்பு கோயிலுக்குக் கூரை கெடையாது. ஒரு வேப்பமரம், நட்டு வச்ச அருவாக, கல்லு. வாழையெலை விரிச்சு சோறும் கறியும் சுருட்டும், நடுவுல எங்கப்பா மூஞ்சி போட்ட பாட்டில். தம்பி அதத் திருப்பித் திருப்பி வச்சு செல்போன்ல படம் எடுத்தான். பங்காளிக, அத்தைமாரு, பக்கத்து ஊருச் சனம்னு நல்ல கூட்டம். குறி கேக்க வந்தவங்களும் இருந்தாங்க. உருமி ஆரம்பிச்சுச்சு.

பெரியப்பா மகன் கண்ண மூடி நின்னாரு. தோளு லேசா குலுங்குச்சு. வரட்டும், சீக்கிரம் வரட்டும்னு நான் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூப்பாடு. எனக்குத் தெரிஞ்ச கூப்பாடு. சனம் வெலகுச்சு. அப்பா துண்ட உருவி இடுப்புல கட்டிக்கிட்டு, அருவாளக் கையில வாங்கிட்டு வாராரு. வயித்துல தண்ணி கட்டிக் கெடந்த மனுசன், மாடிப்படி ஏற என் தோளப் பிடிக்கிற மனுசன், குதிச்சுக்கிட்டு வாராரு. பெரியப்பா மகன் கைகூப்பிக்கிட்டு ஒதுங்கிட்டாரு. அருவாளக் கெடத்திப் பிடிச்சு ஏத்திவிட்டாங்க.

படையல் பாட்டில எடுத்துக் குடுத்தாங்க. அதத் தூக்கிப் பாத்தாரு. தெறக்கவே இல்ல. அப்படியே கல்லுல அடிச்சு ஒடைச்சாரு.

"எனக்கு எவடா தேத்தண்ணியப் படைச்சது?"

கூட்டம் ஆடிப்போச்சு. ஒருத்தரு ஓடி வந்து ஒடஞ்ச கண்ணாடிய எடுத்து மோந்து பாத்தாரு. "தேத்தண்ணிதாண்டா! சாமீ!"ன்னு விழுந்துட்டாரு. பின்னாலயே அம்புட்டுப் பேரும் விழுந்தாங்க. மூடியக்கூடத் தெறக்காம சொல்லிருச்சே கருப்புன்னு குலவை போட்டாங்க. அத்தை ஒருத்தி அழுதுக்கிட்டே ரெண்டு கன்னத்துலயும் அடிச்சுக்கிட்டா. தம்பிக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு.

"இன்னொண்ணு இருக்கு. வண்டியில இருக்கு. கொண்டா!"

தம்பி ஓடுனான். பிள்ளைக மேல பண்ணுன சத்தியத்த மறந்து, வேட்டி அவுந்தது தெரியாம காருக்கு ஓடுனான்.

அம்புட்டுக் கூட்டத்துல விழாம நின்னவ நான் ஒருத்திதான். அடுப்படி நிலைப்படியில நின்னு மோந்து பாத்த மூக்கு எதுன்னு எனக்கு மட்டும்தான தெரியும். கருப்பு எதுக்கு வந்து சொல்லணும்? பீரோவுல இருந்த பாட்டில் வண்டிக்கு வந்தது முன் சீட்டுல உக்காந்திருந்தவருக்குத் தெரியாதா? முந்தின வருசமெல்லாம் யாரு குடிச்சான்னு எனக்குத் தெரியாது. இன்னைக்குச் சாமி வரல. இது எங்கப்பா.

தம்பி பாட்டிலோட வர்றதுக்குள்ள நான் போயி குறுக்க நின்னுட்டேன். "பொம்பள சாமிக்கு எதுக்க நிக்காதடி"ன்னு பின்னால கத்துறாங்க. அப்பா தாங்கிப் பிடிச்சவங்கள உதறிட்டு அருவாள விட்டு எறங்கி என் முன்னால வந்தாரு. திருநீறு பூசுற மாதிரி என் நெத்தியில கைய வச்சாரு. குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"ஒரே ஒரு மடக்கு பாப்பா. செத்தாலும் பரவால்ல. சாமின்னு நெனச்சு விட்டுரு."

பாப்பான்னு சின்னப் பிள்ளையில கூப்பிட்டது. அழுதுக்கிட்டிருந்தாரு. வெளிய தெரியாம அழுதாரு. நான் என்ன செய்ய? வாய மூடிக்கிட்டா இப்பக் குடிப்பாரு, வீடு போய்ச் சேருறதுக்குள்ள ரத்தமாக் கக்குவாரு. வாயத் தெறந்தா, இந்த மனுசனுக்கு ஊருக்குள்ள இருக்கிற ஒரே மரியாதை போயிரும். காட்டுலயும் வீட்டுலயும் யாரும் மதிக்காத மனுசன், இந்த அருவா மேல நின்னாத்தான் சனம் கையெடுத்துக் கும்பிடும். தம்பி மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னான். மூடியத் திருகிட்டான். அப்பா கைய நீட்டிட்டாரு.

"இது சாமி இல்ல!"ன்னு கத்துனேன். "எங்கப்பா! நான் நேத்து அடுப்படியில ஊத்துனப்ப பக்கத்துலயே நின்னாரு. அதான் தெரியும். கருப்பு வரல. குடுக்காதீங்க, எங்கப்பா செத்துப் போவாரு!"

உருமி நின்னுருச்சு. பெரியப்பா மகன் அப்பா மூஞ்சியப் பாத்தாரு. எல்லாரும் பாத்தாங்க. ஆமாவா இல்லையான்னு கேக்காமலே கேட்டாங்க. அப்பா, "போடி, சிறுக்கி"ன்னு உறுமியிருந்தா என் முடியப் பிடிச்சு வெளியில இழுத்துப் போட்டிருப்பாங்க. அவரு உறுமல. நீட்டுன கைய மெதுவா மடக்குனாரு. இடுப்புத் துண்ட அவுத்துத் தோள்ல போட்டாரு. கூட்டத்துல கைப்பிள்ளையோட நின்ன ஒரு பொண்ணு, "அப்ப முந்தி நீங்க ஆடுறப்ப எனக்குக் குடுத்த வாக்கு?"ன்னு அவரப் பாத்துக் கேட்டா. அதட்டலா கேக்கல, பயந்துபோயிக் கேட்டா. அவரு அந்தப் பிள்ளையப் பாத்தாரு. காரப் பாத்து நடந்தாரு. ஒருத்தரும் வழிவிடணும்னு வெலகல. அவருதான் ஒதுங்கி ஒதுங்கிப் போனாரு. தம்பி தெறந்த பாட்டிலக் கையில வச்சுக்கிட்டு, அத யாருகிட்டக் குடுக்கிறதுன்னு தெரியாம நின்னான்.

படையல் சோறு யாருக்கும் எறங்கல. திரும்பி வாரப்ப அப்பா முன்னால உக்காரல, என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. திருமங்கலத்துல தம்பி எளநி வாங்கிக் குடுத்தான். வாங்கிக் குடிச்சாரு. நல்ல பிள்ளை மாதிரி முழுசும் குடிச்சாரு. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அவரு கையப் பிடிச்சேன். உருவிக்கல.

"நான் உசுரோட இருக்கேன்"னாரு. "அது போதும்ல ஒனக்கு?"

"போதும்ப்பா."

என் கையத் தட்டிக் குடுத்தாரு, எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி.

"எனக்குப் போதலையே தாயி."